பத்மா கடைசியாக எந்த ஷூவில் சைக்கிள் ஓட்டினாள்?

அன்று என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மேல்மாடி சாரதா மாமி, லேக் மார்க்கெட் மளிகைக்கடைக்காரரின் மனைவி கற்பகம், அவளுடைய மாமியார். ஐந்து பேர்தான். ஆறாவதாக வரவேண்டியவள் பத்மா. வெள்ளிக்கிழமைப் பாராயணத்துக்கு வருகிறேன், உன்னிடம் ஒன்று சொல்லவும் வேண்டும் என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள். நியூ டவுனிலிருந்து பவானிபூர் வந்து சேர அவளுக்கு எப்போதுமே தாமதமாகும். அதனால் நாங்கள் ஆரம்பித்துவிட்டோம்.

பாதியில் போன் அதிர்ந்தது. படிக்கும்போது போனைத் தொடுவதில்லை என்பது என் வீட்டு வழக்கம். திரையில் தீபாங்கர் தாவின் பெயர் தெரிந்தது. பத்மாவின் கணவர், நான் தாதா, தா என்று அண்ணா முறை வைத்துக் கூப்பிடுகிறவர், எனக்குப் போன் செய்கிறவர் இல்லை. பத்மா பேசுவாள், அவர் பின்னாலிருந்து அண்ணி முறை வைத்து "பௌதி, நமஸ்கார்" என்பார், அவ்வளவுதான். நின்றுவிட்டு மறுபடி அதிர்ந்தது. என் வாய் படித்துக்கொண்டிருந்தது, கண் போனிலேயே இருந்தது. என் கணவர்தான் எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை. கற்பூரம் காட்டி முடிக்கும் வரை நிலைப்படியிலேயே நின்றார். பிறகு, "இங்க வரத்துக்குத்தான் கிளம்பினாளாம். லிஃப்டுக்காக நின்னுண்டிருந்தப்ப விழுந்துட்டாளாம்" என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உயிர் இருக்கவில்லை. இதயம் என்று சொன்னார்கள்.

நம் தமிழ்ச் சங்க மலரில் எழுதும்போது பத்மாவை "அவர்" என்றுதான் எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை. இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், பங்களா பாஷையில் ஒரு வார்த்தை தெரியாமல் பஸ்ஸில் நின்ற என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டவள் அவள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அலமு, அவள் எனக்கு பத்மா. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பாங்க் அதிகாரி, வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்டவள். நான் பள்ளிப் படிப்பை முடிக்காதவள். பஸ் போர்டுகளையும் மிட்டாய்க்கடைப் பலகைகளையும் பார்த்துப் பார்த்து பங்களா எழுத்து கற்றுக்கொண்டவள். அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டக் கிளம்பியதும் உங்களில் பல பேருக்கு அவளைத் தெரிந்துபோயிற்று. ஞாயிறு காலையில் அவளோடு சேர்ந்து ஓட்டியவர்களும் இதைப் படிப்பீர்கள். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டு பத்மாவைப் புகழ்ந்து எழுத என்னால் முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை டயமண்ட் ஹார்பர் வரைக்கும் நடக்கிற சைக்கிள் பயணத்துக்கு பத்மா பேர் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பதிலாக மகள் தேவிகா போகப்போகிறாள். போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அம்மாவின் பூட்டு ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போவேன் என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அதில் பழக்கமே கிடையாது.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும். பெடலில் ஒரு கவ்வி இருக்கும். மிதித்தால் 'டக்' என்று இரண்டும் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் விடும். நேராகத் தூக்கினால் வராது. இதைக் காலுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குள் எல்லோருமே ஓரிரு தடவை விழுவார்களாம். பத்மா வாங்கிய பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளை நான்தான் முதலில் படித்தேன். படித்துவிட்டு, "இதுல கழட்டறதைப் பத்தித்தான் பாதிக்கு மேல போட்டிருக்கு" என்றேன். "நீ மாத்திரைத் தாள்லயும் பக்கவிளைவைத்தானே முதல்ல படிப்பே" என்றாள்.

சித்திரை வருஷப்பிறப்புக் கூட்டத்தில் அவள் அந்த ஷூவைக் கையில் தூக்கிக் காட்டிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். சாதாரண செருப்பில் ஓட்டும்போது கீழே போகிற கால் மட்டும்தான் வேலை செய்கிறது, பூட்டு ஷூவில் மேலே வருகிற காலும் இழுத்துக் கொடுக்கும் என்று விளக்கினாள். "என்னோட ஒரு கால் இத்தனை வருஷமா பென்ஷன் வாங்கிண்டிருந்தது. இப்பதான் டூட்டில சேர்ந்திருக்கு" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்தது இது. ஆயுத பூஜையன்று அவள் வீட்டில் சைக்கிளுக்கும் பூஜை. தீபாங்கர் தாவுக்கு நம் வழக்கங்களை மாமனார் வீட்டார் மெச்சும்படி செய்ய வேண்டும் என்று ஆசை உண்டு. மாமனாரும் மாமியாரும் போய் வெகுநாள் ஆயிற்று, ஆசை மட்டும் போகவில்லை. பத்மா அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது அவர் சந்தனத்தைக் குழைத்து ஹாண்டில்பாரில் வைத்தார், சீட்டில் வைத்தார், பெடல்கள் இரண்டிலும் தாராளமாக அப்பி நடுவில் குங்குமமும் வைத்தார். பூஜையில் வைத்த வண்டியை அன்று எடுக்கக்கூடாது. சந்தனம் ராத்திரி முழுக்கக் கவ்விக்குள்ளே உட்கார்ந்து நன்றாகக் காய்ந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி. பத்மா புனர்பூஜை முடித்து, பழைய கால்மிதித் துணியால் மேலாகத் துடைத்துவிட்டு, என் வீட்டுக்குக் கிளம்பினாள்.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் சிக்னல். நான் வெற்றிலை பாக்கு வாங்க அங்கேதான் நின்றிருந்தேன். அவள் நிற்பது தெரிந்தது, காலைத் திருப்புவதும் தெரிந்தது. கால் வரவில்லை. மறுபடி திருப்பினாள். அப்புறம் வண்டியோடு சேர்ந்து மெதுவாக, மரம் சாய்கிற மாதிரி, பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோவின் மேல் சாய்ந்தாள். தலையும் தோளும் ஆட்டோவுக்குள்ளே, இரண்டு காலும் சைக்கிளிலேயே பூட்டியபடி. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு சீட் இருக்கு தீதி. ஆனா சைக்கிளை ஏத்த மாட்டேன்" என்றான். அவளும் அந்த நிலையிலேயே, "சைக்கிளுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கோ தாதா" என்றாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கணுக்கால் வீங்கியது. ஆட்டோ நின்றிருந்த இடத்தில் ஒரு மினிபஸ் போய்க்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் அன்று சாப்பிடவில்லை.

தீபாங்கர் தா அழாத குறையாக, இந்த ஷூவைத் தூக்கிப் போடு என்றார். நானும் அதையேதான் சொன்னேன். பத்மா இரண்டு பேரையும் கேட்கவில்லை. "விழுந்ததுனால தூக்கிப் போட மாட்டேன். விழற அளவுக்கு அதுல லாபம் இருக்கான்னு பார்த்துட்டுப் போடறேன்" என்றாள். அவள் தன்மையே அதுதான். பாங்கில் கடன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் அல்லவா. யார் அழுதாலும் காகிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் சோதனையை ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்கு அருகில் அகலமான ரோடு, காலையில் வண்டிகள் குறைவு, முடிவில் ஒரு மேம்பாலம். அதே ரோடு, அதே சைக்கிள், அதே காலை ஆகாரம். ஒரு நாள் பூட்டு ஷூ, ஒரு நாள் சாதாரண பெடலும் கான்வாஸ் ஷூவும். நேரம் குறிக்க என்னைக் கூப்பிட்டாள். வீட்டு வரவு செலவை நாள் தவறாமல் எழுதுகிறவள் என்பதால் என் எழுத்தை நம்பலாம் என்றாள். சொல்லிவிட்டு உடனே, "ஆனா உன் விரலை நம்ப முடியாது. உனக்கு அந்த ஷூவைக் கண்டாலே ஆகாது. அதைப் போட்டுண்டு வந்தா பட்டனை லேட்டா அமுக்குவே" என்றாள். அதனால் எந்த ஷூ என்று எனக்குத் தெரியாதபடி தீபாங்கர் தாவின் பழைய கறுப்பு சாக்ஸை மேலே மாட்டிக்கொண்டு வந்தாள். கட்டை இருக்கும் இடத்தில் மட்டும் அடியில் வெட்டியிருந்தாள்.

முதல் நாளே, "இன்னிக்குப் பூட்டு ஷூதானே?" என்றேன்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கிளம்பறப்ப டக்குனு சத்தம் கேட்டுதே."

அதற்கும் வழி செய்தாள். மறுநாள் தீபாங்கர் தாவின் மங்கி குல்லாவைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டி, காதுக்குப் பஞ்சும் வைத்தாள். நடுங்குகிற குளிரும் இல்லை. புடவை கட்டி மங்கி குல்லா போட்ட ஒரு மாமி, மடியில் ஜபமாலையும் கையில் போனுமாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "ஜலதோஷமா?" என்று விசாரித்தார். எனக்குக் கேட்கவில்லை. பத்மாதான் பிறகு சொன்னாள், வீடு போய்ச் சேரும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மார்கழி முடிவில் அவள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து முடிவைச் சொன்னாள். அதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன், என் வார்த்தையைச் சேர்க்கவில்லை. "சம ரோட்டுல, சீரா ஓட்டினா, கால்ல எது இருக்குன்னு சைக்கிளுக்குத் தெரியவே இல்லை அலமு. மேல வர கால் தன் பாரத்தைத் தானே தூக்கிண்டாப் போறும். அதுக்கு மேல இழுத்தா எனக்கு மூச்சு வாங்கறது, வண்டி ஒண்ணும் கூடப் போகலை. மேம்பாலத்துல எழுந்து நின்னு அமுக்கறச்சே பூட்டு ஷூ கொஞ்சம் நன்னா இருக்கு, ஒத்துக்கறேன். மழையில கால் வழுக்காது. கெட்டியான அடி, அதனால ரொம்ப நேரம் ஓட்டினா பாதம் எரியறதில்லை. அது ஷூவோட குணம், பூட்டோட குணம் இல்லை."

"அப்ப சித்திரையில பேசினது?" என்றேன்.

"அது புது ஷூ பேசினது" என்றாள். அதோடு, "இதுலயும் ஒரு குறை இருக்கு. உன் காதை அடைச்சேன், என் காலை அடைக்க முடியலையே. எதைப் போட்டுண்டிருக்கேன்னு எனக்குத் தெரியுமே. போதாக்குறைக்கு நான் ஒருத்திதான். ரேஸ் ஓட்டறவாளுக்கு வேற மாதிரி இருக்கலாம்" என்றாள். தன் முடிவின் மேலேயே இத்தனை சந்தேகம் வைத்துப் பேசுகிற ஒருத்தியை நான் வேறு பார்த்ததில்லை. எனக்கு அன்று அது பிடிக்கவில்லை. பட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது.

அப்புறம் புதிதாக ஒரு ஜோடிப் பெடல் வாங்கினாள். ஒரு பக்கம் கவ்வி, திருப்பிப் போட்டால் மறுபக்கம் சாதாரண பெடல். ஊர் நெரிசலில் ஒரு பக்கம், திறந்த ரோட்டில் ஒரு பக்கம். அவள் சைக்கிளில் இப்போது இருப்பது அந்தப் பெடல்தான். பார்க்கிறவர்களுக்குக் கவ்விதான் கண்ணில் படும்.

காரியங்கள் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் திறந்ததும் நடைவழியில் தேவிகா, ஒரு கை சுவரில், சைக்கிள் மேல். காலில் பத்மாவின் ஷூ.

"மாஷி, பாரு. எனக்கு கரெக்டா இருக்கு." சித்தி முறைக்கு அவள் என்னை மாஷி என்றுதான் கூப்பிடுவாள்.

"எதுக்குடி இது?"

"ஞாயித்துக்கிழமை நான் போறேன். அம்மா பேர்ல, அம்மா சைக்கிள்ல, அம்மா ஷூல."

முழங்கை தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது. கேட்டதற்கு, கேட் செக்யூரிட்டி முன்னால் விழுந்தேன், எல்லோரும் விழுவார்கள், அம்மாவும் விழுந்தாளே என்றாள். நான் ஆட்டோவைச் சொன்னேன், சோதனையைச் சொன்னேன், பால்கனியில் பேசியதைச் சொன்னேன். சாதாரண ஷூவில் போ, வேகம் ஒன்றும் குறையாது, உங்கம்மாவே கண்டுபிடித்தது என்றேன். பெடலைத் திருப்பியும் காட்டினேன்.

தேவிகா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மாஷி, ராகம் பண்ணாதே, கோவிச்சுக்காதே. உனக்கு மெட்ரோல எஸ்கலேட்டர்னாலே பயம். அம்மா எதைச் சொன்னாலும் உன் காதுல 'வேண்டாம்'னுதான் விழுந்திருக்கும்" என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நிறையப் பேர் அந்த ஷூவைப் பற்றித்தான் பேசினார்களாம். அம்மாவுக்கு அதுதான் பலம், அதைப் போட்டுக்கொண்டு போ, அம்மாவே உன்னை மிதித்துக் கொண்டுபோவாள் என்றார்களாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் கேட்டது சித்திரைப் பேச்சு.

"அம்மாகூட ஓட்டினவா யாராவது சொல்லட்டும், கேக்கறேன். நீ சொன்னா பயம் மாதிரிதான் இருக்கு" என்றாள் கடைசியில். தீபாங்கர் தா உள்ளே நாற்காலியில் இருந்தார். நான் கிளம்பும்போது எழுந்து வந்து, "பௌதி, நான் வேண்டாம்னு சொன்னா அவ கேப்பா. ஆனா அவ அம்மாவோட கடைசி ஆசையை நான் தடுத்ததா ஆயிடுமோ" என்றார். அவருக்கும் தெரியவில்லை. பத்மா சைக்கிள் விஷயத்தை அவரிடம் அதிகம் பேசுவதில்லை, சந்தனத்துக்குப் பிறகு அவர் மனம் நோகும் என்று.

எனக்கும் முழுவதாகத் தெரியாது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தை பிறந்த பிறகு அவள் ஓட்டி நான் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் போனில் அவள் சொல்ல வேண்டும் என்றாளே, அது இதுதான். "டயமண்ட் ஹார்பருக்கு எதைப் போட்டுண்டு போறதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன் அலமு. உனக்கு நேர்ல சொல்றேன்" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. எனக்குப் பிடித்த பதில் என்பதால் சிரித்தாளா, பிடிக்காத பதிலைச் சொல்லி என்னைச் சீண்டப்போகிறாள் என்பதால் சிரித்தாளா? இரண்டு ஷூவையும் ஷெல்ஃபில் பார்த்தேன். இரண்டையும் துடைத்து, உள்ளே பேப்பர் திணித்து, ஒன்றுபோலவே வைத்திருக்கிறாள்.

டயமண்ட் ஹார்பர் போகிற அந்த ரோட்டில், பெஹாலா தாண்டும் வரைக்கும் பஸ் எங்கே நிற்கும், ஆட்டோ எங்கே திரும்பும் என்று தெரியாது. கால் ஒரு நொடியில் தரைக்கு வந்தாக வேண்டும். காளிகாட்டில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்வாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டியும் விட்டேன். அப்போதுதான் என் கணவரின் கண் ஆபரேஷன் சமயத்தில் பத்மா சொன்னது நினைவு வந்தது. எந்த டாக்டரிடம் போவது என்று அன்றும் பூக்கட்டிப் பார்த்தேன்.

"எத்தனை தடவை பார்த்தே?" என்று கேட்டாள்.

"மூணு தடவை."

"ஏன், முதல் தடவை ஸ்வாமி சொன்னது உனக்குப் பிடிக்கலையா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேலி பண்ணலை அலமு. எந்தப் பதில் வந்தா உனக்கு சந்தோஷம்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. அதைத் தனியா எடுத்து வெச்சுட்டு அப்புறம் கேளு. அப்பதான் கேட்டதா ஆகும்" என்றாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். புடவையோ பாத்திரமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பூப்பொட்டலங்களைப் பிரித்து இரண்டையும் சேர்த்து அம்பாளுக்குச் சாத்திவிட்டேன்.

எந்தப் பதில் வந்தால் எனக்கு சந்தோஷம் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் என் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அந்தப் பெண்ணைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. தை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மாவோடு ஓட்டியவர்கள் சொல்லுங்கள். அவள் காலில் இருந்தது எந்த ஷூ? பெடலின் எந்தப் பக்கத்தை மிதித்தாள்? நீண்ட பயணத்துக்கு எதைப் போடப்போவதாக உங்களிடம் சொன்னாள்? பூட்டு ஷூதான் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அப்படியானால் நான் தேவிகாவுக்குக் குதிகாலைத் திருப்பிக் கழற்றப் பழகும் வரை பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினாலும் போதும், தேவிகா அதைப் பார்க்கிறாள். பயணம் ஞாயிறு காலை. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது பதில் சொல்லுங்கள்.